தாழி நெல்லுக்கு நாமே பெயர் வைக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாரம்பரிய நெல் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியில், அதாவது இறந்தவரைப் புதைத்த பெரிய பானையில், இருந்த நெல் இன்ன ரகம்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். எதை வைத்து?

அங்கே மண்ணோடு கிடந்தது உமி. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். பழனி பக்கம் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய ஈமக்குழியில், நான்கு கால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல்லே இருந்தது, அது கி.மு. 490. இந்தக் கணக்கெல்லாம் வயசைச் சொல்லும், ரகத்தைச் சொல்லாது.

உமியைப் பார்த்துச் சொல்லக்கூடியது வேறு. ஒரு நெல்லை எடுத்து, காம்பு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். தானாக உதிரும் காட்டு நெல்லில் அந்தத் தழும்பு வழவழவென்று இருக்கும், களத்தில் அடித்துப் பிரித்த நெல்லில் பிய்த்தெடுத்தாற்போல் சொரசொரப்பாக இருக்கும். நீள அகலத்தை அளந்து சன்னமா மோட்டாவா என்று ஓரளவு ஊகிக்கலாம், அதிலும் கருகிய அரிசி என்றால் சுருங்கி உப்பி அளவே மாறியிருக்கும். மரபணு பார்த்தால் போச்சு என்பார்கள், நம் ஊர் வெக்கையில் மூவாயிரம் வருஷம் கிடந்த உமியில் அது மிஞ்சுவது அபூர்வம்.

சரி, ஒப்பிட்டுப் பார்க்கவாவது கையில் ஏதாவது வேண்டாமா? எங்கள் ராமநாதபுரம் பக்கம் நொறுங்கன், சித்திரைக்கார், குழியடிச்சான் என்று வறட்சிக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கிற நெல் இன்னும் இருக்கிறது. அவற்றைக் கருக்கி, அளந்து, பதிந்து வைத்தால்தான் நாளைக்கு இங்கே ஒரு தாழி கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இங்கே பக்கத்தில் பழைய துறைமுகமான அழகன்குளம் என்றாலே ரோமானியக் காசும் மதுச்சாடியும்தான் பேச்சு, அந்த ஊர்க்காரன் என்ன சாப்பிட்டான் என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

இன்னொன்று. கண்மாய் தூர்வாரும்போது ஜேசிபியில் தாழி தட்டுப்பட்டால் உள்ளே பொன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். விஷயமே அந்த மண்ணில்தான். தண்ணீரில் கரைத்தால் கருகிய தானியம் மேலே மிதக்கும், பொடிக்கண் சல்லடையில் பிடித்தால் சாமை, குதிரைவாலிகூடத் தப்பாது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் நெல் உமியோடு சிறுதானிய உமியும் இருந்ததை அங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரீ நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார்.

அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். இடம் இருந்தால், தாழி கிடைத்தால் மண்ணைத் தொடாமல் தாசில்தாருக்குச் சொல்லுங்கள் என்றும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவிபட்டினம்