களிம்புக்கு முன் ஒரு ஸ்லைடு: மாவட்ட சுகாதார அலுவலர்களுக்குத் திறந்த மடல்

மாவட்ட சுகாதார அலுவலர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

தோல் நோய்களுக்கான ஆய்வகப் பரிசோதனைகளில் வேலை செய்பவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். படர்தாமரை என்று சந்தேகம் வந்தால், களிம்பு எழுதுவதற்கு முன் கேஓஎச் ஸ்லைடு பார்ப்பதை, அதாவது சுரண்டிய தோல் செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கேஓஎச்) கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடுவதை, நடைமுறையாக்குங்கள். மலேரியாவுக்கும் சளிக்கும் வாங்கிய நுண்ணோக்கி ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வாங்க வேண்டியவை பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் 15ஆம் எண் பிளேடும்தான்.

நோயாளி உங்களிடம் வருவதற்குள் பெரும்பாலும் மருந்துக் கடைக் களிம்பு ஒன்றைத் தடவி முடித்திருப்பார். அதில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். பல ஸ்டீராய்டு களிம்புகளை 2018இல், மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்த பிறகும் சீட்டு இல்லாமல் விற்பது ஓயவில்லை. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சையையோ தடையில்லாமல் வளரவிடும். வட்டமான சிவந்த விளிம்பு மங்கிப்போய், எக்சிமா என்ற தோல் அழற்சியா படர்தாமரையா என்று கண்ணால் பிரிக்க முடியாமல் போகும். ஆனால் அதே தோலைச் சுரண்டி ஸ்லைடில் வைத்தால் பூஞ்சை இழைகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியும். கண்ணை ஏமாற்றும் களிம்பு நுண்ணோக்கியிடம் தோற்றுவிடுகிறது.

கரைசலை ஆய்வகத்திலேயே தயாரிக்கலாம். 80 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சூடேறும் என்பதால் கையுறை அவசியம். ஆறியதும் 10 மில்லி கிளிசரால் சேர்த்தால் ஸ்லைடு சீக்கிரம் காயாது. இறுக மூடிய பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வீரியம் இழக்கும், படிகம் கட்டும்.

சுரண்டும் இடத்தில்தான் பாதிப் பரிசோதனைகள் கெட்டுப்போகின்றன. நடுப்பகுதி ஆறியிருக்கும், பூஞ்சை உயிர்ப்போடு இருப்பது விளிம்பில். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, விளிம்பிலிருந்து செதில்களை ஸ்லைடில் விழும்படி சுரண்டுங்கள். துடைக்காவிட்டால் களிம்பின் எண்ணெய்த் துளிகள் வித்துகள் போலக் காட்டி ஏமாற்றும். ஒரு சொட்டு கரைசல், கவர் ஸ்லிப், 10 முதல் 20 நிமிடக் காத்திருப்பு, இவ்வளவே. அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் படிகங்கள்தான் மிஞ்சும். நகத்துக்கு 20 முதல் 40 சதவீதக் கரைசலும் ஓரிரவும் தேவை. கவர் ஸ்லிப்புக்கு வெளியே வழிந்ததை ஒற்றி எடுத்த பிறகே ஸ்லைடை மேடையில் வையுங்கள், லென்ஸில் பட்டால் அரித்துவிடும்.

அடுத்த பிழை வெளிச்சத்தில். சாயமேற்றிய ஸ்லைடுக்குப் பழகிய கை, ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை முழுக்க ஏற்றிவைத்திருக்கும். அந்த வெளிச்சத்தில் நிறமற்ற இழை கண்ணில் படாது. கண்டென்சரை இறக்கி, ஒளி நுழையும் துளையான டயஃப்ரத்தைச் சுருக்கி, 10 மடங்கு லென்ஸில் தேடி, 40இல் உறுதிசெய்ய வேண்டும். உண்மையான இழை ஒரே அகலத்தில், குறுக்குச் சுவர்களோடு, கிளை பிரிந்து, செல்களின் எல்லைகளைத் தாண்டி ஓடும். செல்களின் ஓரத்தை ஒட்டியே வளைந்து வலைபோலத் தெரிந்தால் அது பூஞ்சை அன்று, மொசைக் எனப்படும் தோற்றப் பிழை. பஞ்சு நார் அகலம் மாறி மாறி இருக்கும், குறுக்குச் சுவர் இருக்காது.

குட்டையான வளைந்த இழைகளும் கொத்துக் கொத்தாக உருண்டை ஈஸ்ட்டுகளும் சேர்ந்திருந்தால் தேமல். மொட்டு விடும் ஈஸ்ட்டுகளோடு போலி இழைகள் தெரிந்தால் கேண்டிடா என்ற ஈஸ்ட்டின் தொற்று.

ஸ்லைடால் எல்லாம் தெரிந்துவிடாது. 2020இல் பெயரிடப்பட்ட டிரைக்கோபைட்டன் இந்தோடினியே என்ற படர்தாமரைப் பூஞ்சை, டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பல நேரம் அடங்குவதில்லை. அதுதானா என்று அறிய வளர்ப்புப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும். பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவருக்கு இழை தெரியாமல் போகலாம் என்பதால் சந்தேகம் வலுவாக இருந்தால் திரும்ப எடுங்கள்.

தோலைக் குடையும் நுண்பூச்சியால் வரும் சிரங்குக்குக் கேஓஎச் வேண்டாம். பூச்சியின் எச்சத்தை அது கரைத்துவிடும், நோயைக் காட்டும் தடயங்களில் அதுவும் ஒன்று. விரலிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள வளைக்கோட்டின் மேல் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விட்டுச் சுரண்டுங்கள். பூச்சி, முட்டை, பழுப்பு எச்சம், இவற்றில் ஒன்று போதும். சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுவதும் சேர்த்தே பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். ஆகவே எதுவும் தெரியவில்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

தோலைக் கீறி எடுத்த திசுநீரை ஸ்லைடில் தடவிக் கிருமியைத் தேடும் தொழுநோய் ஸ்மியர் தனி வித்தை. காது மடலையோ தடிப்பையோ வெளுக்கும்வரை இறுகப் பிடித்து, 5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் ஆழம் கீறி, பிளேடைத் திருப்பிச் சுரண்ட வேண்டும். பிடி தளர்ந்தால் வருவது திசுநீர் அன்று, ரத்தம். கிருமி ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் தொழுநோய் இல்லை என்று எழுதக் கூடாது. உணர்ச்சியற்ற ஓரிரு படைகள் மட்டும் உள்ளவர்களின் ஸ்மியர் அப்படித்தான் இருக்கும். கிருமி தெரிந்துவிட்டாலோ படைகளின் எண்ணிக்கை எதுவானாலும் 12 மாதக் கூட்டு மருந்து. இதைப் படித்துக் கற்க முடியாது. செங்கல்பட்டு மத்திய தொழுநோய் நிறுவனம், வேலூர் அருகே கரிகிரியிலுள்ள தொழுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் பழகியவர்களின் கீழ் ஆய்வக நுட்பனர்களைப் பயிற்றுவியுங்கள்.

தரக் கண்காணிப்புக்கு ஒரு யோசனை. தொழுநோய், காசநோய் ஸ்லைடுகளைப் போலக் கேஓஎச் ஸ்லைடைச் சேமித்து மறுபரிசோதனைக்கு அனுப்ப முடியாது, காய்ந்துவிடும். அதனால் இழை தெரிந்தது, தெரியவில்லை என்ற இரு வகையிலும் சிலவற்றை நுண்ணோக்கியின் கண்லென்ஸ் வழியே கைபேசியில் படமெடுத்து, பெயரின்றி ஆய்வக எண்ணை மட்டும் குறித்து, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு மாதந்தோறும் அனுப்பச் சொல்லுங்கள். பதிவேட்டில் சுரண்டிய இடம், கடைசியாகத் தடவிய களிம்பின் பெயர், அதை நிறுத்தி எத்தனை நாள் என்ற மூன்று பத்திகளைச் சேர்த்தால், ஸ்லைடும் நோயாளியும் முரண்படும்போது காரணத்தைத் தேட இடம் இருக்கும்.