அந்த ஒரு வரியை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதியதைப் படித்தேன். நேபாள மலைகளிலிருந்து பட்டாளத்துக்கு வந்த கூர்க்காக்கள் மீது உனக்கு இருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் ‘சண்டைக்கென்றே பிறந்த இனம்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடு.

பேச்சை நாலாபானிச் சண்டையில் தொடங்கு. கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் நடந்த போரில் வந்த சண்டை அது. 1814 அக்டோபரில், டேராடூன் பக்கம் குன்றின் மேல் இருந்த கலங்கா கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி சூழ்ந்தது. உள்ளே நேபாளத் தளபதி பலபத்ர குன்வரோடு, பெண்கள் பிள்ளைகள் உட்பட சுமார் 600 பேர். தாக்க வந்த தளபதி கில்லெஸ்பியே குண்டுபட்டுச் செத்தார். பீரங்கியால் ஆகாததைத் தண்ணீரை மறித்துச் சாதித்தார்கள். நவம்பர் கடைசியில், எஞ்சிய 70 பேர் அளவில் பலபத்ரரோடு முற்றுகையை உடைத்து வெளியேறினார்கள். தங்கள் தளபதிக்கு ஒரு தூண், எதிரியான பலபத்ரருக்கு ஒரு தூண் என்று வெள்ளைக்காரர்களே பின்னால் எழுப்பினார்கள். வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் படித்ததில்லை.

போர் முழுதாக முடியும் முன்பே, 1815-இல், அதே மலைக்காரர்களைக் கம்பெனி தன் படையில் சேர்த்துக்கொண்டது. ‘போர் இனம்’ என்ற கொள்கை வலுத்தது 1857-க்குப் பிறகுதான். மகர், குருங், ராய், லிம்பு என்று தனித்தனி மொழி பேசியவர்கள் எல்லோரும் பட்டாளத்தில் கூர்க்கா ஆனார்கள். அதே கொள்கை நம்மை என்ன சொன்னது தெரியுமா? தெற்கத்தியருக்குப் போர்க்குணம் போய்விட்டது என்றார் பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ். மதராஸ் படைப்பிரிவுகளைக் குறைத்தார்கள். நம்மைப் பற்றிச் சொன்னது பொய் என்றால், அவர்களைப் புகழ்ந்ததை மட்டும் எப்படி உண்மை என்று எடுத்துக்கொள்வது?

அவர்களின் துணிச்சல் நிஜம். மலைச்சரிவு நிலத்தில் வயிறு நிறையாததும் நிஜம். பட்டாளச் சம்பளமும் பென்ஷனும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. முதல் உலகப் போரில் மட்டும் சுமார் 2 லட்சம் பேர் போனார்கள். பிரிட்டிஷ் படையில் இருந்து 1997-க்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்கு, கூட நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கிடைத்த பென்ஷன் கிடைக்கவில்லை. அதற்காக 2021-இல் லண்டனில் வயதானவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பிறவி வீரர்கள் என்று கொண்டாடியவர்கள் கூலியில் கை வைத்தது எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம், 1947-இல் இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்த 6 ரெஜிமென்ட்டுகளைச் சொல்லியிருக்கிறாய், நல்லது. 2022-இல் இந்தியப் படைக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்ததும் நேபாள அரசு ஆள் சேர்ப்பை நிறுத்தி வைத்ததையும் சொல். நான்கு வருடத்தில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பும் வேலையை அது ஏற்கவில்லை. பிழைப்புக்காக ரஷ்யப் படையில் சேர்ந்து உக்ரைனில் செத்த நேபாள இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உன் பேச்சில் இரண்டு நிமிடம் ஒதுக்கு.

அன்புடன்,
அண்ணன்