பள்ளி நாளில் விடிவதற்கு முன் பயிற்சி வேண்டாம்

சேலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தடகளம் சொல்லித் தரும் பயிற்சியாளர்களுக்கும், அந்த மைதானத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஞாயிறு இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட செய்தியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மாவட்டப் போட்டி நெருங்குவதால் அடுத்த மாதம் முதல் காலைப் பயிற்சி ஐந்தேகாலுக்குப் பதிலாக நாலே முக்காலுக்கே தொடங்கும், தாமதமாக வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், 'ஓகே சார்'கள். ஆனால் அந்தக் கும்பிடு போட்டவர்களில் பலர் மறுநாள் கேட்டருகே என்னிடம் பேசியது வேறு. குழுவில் வாய் திறந்தால் பிள்ளையை டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமா இல்லையா என்று நான் விசாரிக்க வரவில்லை. அவர்களால் சொல்ல முடியாததை நான் பொதுவில் சொல்கிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பள்ளி இருக்கும் நாட்களில் விடிவதற்கு முன் பயிற்சி வேண்டாம். அதை மாலைக்கு மாற்றுங்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள். ஓட்டம் என்றால் அவளுக்கு உயிர். ஆறாம் வகுப்பில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசியவள், இன்று ஸ்டார்டிங் லைனில் தோளை நிமிர்த்தி நிற்கிறாள். அதற்கு நீங்கள்தான் காரணம். சொந்தக் காசில் ஒரு பிள்ளைக்கு ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரை எனக்குத் தெரியும். அந்த நன்றி எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. விளையாட்டு வேண்டாம் என்று சொல்கிற தாய் அல்ல நான். அவள் இன்னும் பல வருஷம் ஓட வேண்டும் என்று நினைக்கிறவள்.

அவளுடைய நாளைக் கொஞ்சம் பாருங்கள். பள்ளி முடிந்து வீடு வர நாலரை. ஆறிலிருந்து எட்டு வரை டியூஷன். சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்கும்போது பத்தேகால் ஆகிவிடுகிறது. பொன்னம்மாபேட்டையிலிருந்து ஐந்தேகால் பயிற்சிக்கு வந்து சேர நாலேகாலுக்கு எழுப்பியாக வேண்டும். ஆறு மணி நேரத் தூக்கம். உங்கள் புது நேரப்படி மூணே முக்காலுக்கு எழுப்ப வேண்டும், ஐந்தரை மணி நேரம்தான் மிஞ்சும். 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகள் தினம் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை உள்ளவர்கள் 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமி 2016-லேயே வரையறுத்துவிட்டது. உங்களிடம் வருகிறவர்களில் ஆறாம் வகுப்புப் பொடிசுகளும் உண்டு.

எழுப்ப வேண்டும் என்று எழுதிவிட்டேன், ஆனால் அந்த நேரத்தில் அவள் விழிப்பதில்லை. உட்காரவைத்துத் தலை பின்னினால், பின்னி முடிப்பதற்குள் தலை என் மடியில் சாய்கிறது. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு சாக்ஸை நான்தான் மாட்டிவிடுகிறேன். பால் டம்ளரைக் கையில் கொடுத்தால் பிடித்தபடியே கண் சொருகுகிறது. ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, என் துப்பட்டாவால் அவளை என் இடுப்போடு சேர்த்துக் கட்டிய பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவேன். பதில் வருவது நின்றால் வண்டியை ஓரங்கட்டி அவளை உலுக்கி எழுப்பிவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். தெருநாய்கள் துரத்துவது தனிக் கதை. துப்பட்டாவோடும் துண்டோடும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வருகிற பெற்றோரை கேட்டில் நிற்கிற நீங்கள் தினமும்தான் பார்க்கிறீர்கள்.

போன வாரம் ஒரு அப்பா தன் மகனை எக்ஸ்.எல். வண்டியில் அழைத்து வந்தார். இரவெல்லாம் தறி ஓட்டிவிட்டு நேராக வந்தவர். பின்னால் இருந்த பையன் தூங்கிப்போய், ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியபோது சரிந்து ரோட்டில் விழுந்தான். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. நீங்கள்தான் காயத்தைக் கழுவி மருந்து போட்டீர்கள், மறுக்கவில்லை. அதன் பிறகு, லேட்டாக வந்ததற்கு ஐந்து ரவுண்டு ஓடச் சொன்னீர்கள். அவனும் ஓடினான். அதே பையன் அன்று மூன்றாம் பீரியடில் டெஸ்க்கில் தலை வைத்துவிட்டான் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒரு பிள்ளைக்கு இரண்டு தண்டனை. அவன் செய்த தப்பு, தூக்கம் வந்தது.

என் மகளின் அறிவியல் நோட்டைப் புரட்டினாலும் இதுதான் தெரிகிறது. பாதி வரியில் எழுத்து கோட்டை விட்டு இறங்கி, பேனா மை பக்கத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. டைரியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "வகுப்பில் தூங்குகிறாள். கவனிக்கவும்." கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னால் மாற்ற முடியாத நேரத்தை மாற்றக்கூடிய உங்களிடம் கேட்கிறேன்.

"சீக்கிரம் படுக்க வையுங்கம்மா" என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எட்டரைக்கே படுக்கவைத்தும் பார்த்தாயிற்று. கண்ணைத் திறந்துகொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி கிடக்கிறாள். இது அடமும் இல்லை, போன் பழக்கமும் இல்லை. பருவ வயது வரும்போது உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சிறு பிள்ளைகளைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். அதனால் இரவில் சீக்கிரம் கண் அயராது, அதிகாலையில் எழ முடியாது. இதை ஏற்றுக்கொண்டுதான் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். நாம் அந்த வயதுப் பிள்ளைகளை எட்டரைக்குள் இரண்டு வேலை முடிக்கச் சொல்கிறோம்.

நீங்கள் ஓட்டத்தை அறிந்தவர்கள், அதனால் ஓட்டத்தைப் பற்றியே சொல்கிறேன். உடம்பு தன் தசையைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில். 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி விளையாட்டு வீரர்களுக்கு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைக் காட்டிலும் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்களை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிச் சில வாரங்கள் கவனித்தார்கள். ஓட்ட வேகம் கூடியது, பந்தைக் கூடையில் போடும் துல்லியமும் 9 சதவீதம் கூடியது. கூடுதலாக அவர்கள் எடுத்துக்கொண்டது தூக்கம் ஒன்றைத்தான். போட்டி நெருங்குகிறது என்று நீங்கள் பிள்ளைகளிடமிருந்து அரைமணி நேரத் தூக்கத்தை எடுக்கிறீர்கள். போட்டிக்காகவே அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறேன்.

கூட்டத்தில் நீங்கள் அடிக்கடி சொல்லும் பெயர்கள் எங்களுக்கும் பெருமைதான். பெரியவடகம்பட்டியிலிருந்து போய் 2016-ல் ரியோவில் தங்கம், பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு; சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய கிரிக்கெட் அணிக்குப் போன நடராஜன். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கஷ்டப்பட அஞ்சியதில்லை. ஆனால் கஷ்டம் வேறு, தூக்கத்தைக் கெடுப்பது வேறு. அந்தக் காலத்தில் நாலு மணிக்கே எழுந்தோமே என்கிற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அன்று எட்டு மணிக்கு ஊரே அடங்கிவிடும். டியூஷன் கிடையாது, பத்து மணிவரை ஹோம்வொர்க் கிடையாது.

வெயில் ஒரு காரணம் என்பது தெரியும். சேலத்துச் சித்திரை வெயிலில் பிள்ளைகளை ஓடவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வெயில் தாழ்ந்துவிடுகிறது, டிராக்கில் விளக்கும் இருக்கிறது. பின் ஏன் மாலை கிடைக்கவில்லை? மாதச் சந்தா கட்டுகிற பெரியவர்களின் ஷட்டிலுக்கும் ஃபுட்பாலுக்கும் ஐந்திலிருந்து எட்டு வரை ஒதுக்கியாகிவிட்டது. பெரியவர்களும் விளையாட வேண்டியதுதான். ஆனால் வெளிச்சமான நேரம் காசு கட்டுகிறவருக்கு, இருட்டு பிள்ளைகளுக்கு என்று எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள்? எங்களில் யாரையும் கேட்கவில்லை. மார்கழியிலும் தையிலும் இங்கே சூரியன் தலைகாட்டவே ஆறரை தாண்டிவிடும். கன்னங்குறிச்சிப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் மலையடிவாரப் பனியில் நனைந்தே வந்து சேர்கிறார்கள். வாட்ச்மேன் ஆறு மணிக்கு வந்த பிறகுதான் கழிவறைப் பூட்டு திறக்கிறது. அதுவரை பெண் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார்கள். இதைப் பலமுறை வாய்மொழியாகச் சொல்லியாயிற்று.

பள்ளிகளையும் விடுவதற்கில்லை. டைம்டேபிளில் வாரம் இரண்டு பி.டி. பீரியடு இருக்கிறது. பரீட்சை வருகிறது என்று ஒன்றைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார், போர்ஷன் முடியவில்லை என்று இன்னொன்றை சயின்ஸ் மிஸ் எடுத்துக்கொள்கிறார். பள்ளிக்குள் விளையாட்டுக்கு இடம் இல்லாததால்தானே அது விடியற்காலை இருட்டுக்குத் தள்ளப்படுகிறது. ஜெயித்துவந்தால் மட்டும் பிரேயரில் மேடையேற்றி, கேட்டில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கினால் தாயைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். தறியைக்கூட எண்ணெய் விட நிறுத்துகிற ஊர் இது. பிள்ளைகளை நிறுத்த யாருக்கும் நேரமில்லை.

கோபம் கூடிவிட்டது. உங்களை நோகடிப்பது என் நோக்கம் இல்லை. மரியாதையோடு கேட்டு முடிக்கிறேன்.

பள்ளி நாட்களில் விடிவதற்கு முன் பயிற்சி வேண்டாம். வாரத்தில் மூன்று நாளாவது மாலை ஐந்தரை முதல் ஏழு வரை டிராக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். டியூஷன் நேரத்தை மாற்றுவது எங்கள் பொறுப்பு. எங்கள் தெருவில் இரண்டு டீச்சர்களிடம் பேசியாயிற்று, சனி ஞாயிறுக்கு மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். சனி, ஞாயிறு காலைப் பயிற்சி தாராளமாக இருக்கட்டும், ஆறரைக்குத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் பள்ளி நாட்களில் என் மகள் பத்து மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழலாம். எட்டரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். கழிவறைச் சாவியை வாட்ச்மேனோடு பயிற்சியாளர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். மாலையில் விளக்குக்கு மின்கட்டணம் கூடும் என்றால் பெற்றோர் பங்கிட்டுக்கொள்கிறோம். பெண் பிள்ளைகளுக்குத் துணையாக தினம் இரண்டு தாய்மார்கள் முறைவைத்து உட்காரவும் தயார்.

புது நேரம் அமலாவதற்கு முன் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள். அதுவரை நாலே முக்கால் உத்தரவை நிறுத்தி வையுங்கள். இந்த மடலுக்காக எந்தப் பிள்ளையின் பெயரும் லிஸ்டிலிருந்து விடுபடக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
400 மீட்டர் ஓடும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
பொன்னம்மாபேட்டை, சேலம்.