டூம் பேட்ரோலை வளர்த்த கடை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. தொடர்கள் நன்றாகத்தானே இருந்தன, டிசி காமிக்ஸின் ஓடிடியான டிசி யுனிவர்ஸை ஏன் மூடினார்கள் என்று கேட்டிருந்தாய். தொடர்களைக் குறை சொல்லவே முடியாது. 'டூம் பேட்ரோல்' மாதிரி ஒன்றை அன்றைக்கு வேறு யாரும் துணிந்து எடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார். 2018 ஜூனில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, டிசியின் தாய் நிறுவனமான டைம் வார்னரை வாங்கியது. செப்டம்பர் 15 அன்று டிசி யுனிவர்ஸ் தொடங்கியது. அக்டோபரிலேயே புது முதலாளிகள் இன்னொரு பெரிய ஓடிடி வரப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதுதான் பிறகு எச்பிஓ மேக்ஸ் ஆனது. ஆக, டிசி யுனிவர்ஸின் 'டைட்டன்ஸ்' தொடர் வெளியான மாதமே தம்பிக்காரன் பங்கு கேட்டு வந்தாயிற்று!

கணக்கும் இடித்தது. சந்தா மாதம் 7.99 டாலர், ஆண்டுக்கு 74.99. எபிசோடோ வாரத்துக்கு ஒன்று. 'டைட்டன்ஸ்' முதல் சீசனின் 11 எபிசோடும் முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு மாதச் சந்தாவில் அத்தனையும் பார்த்துவிட்டு ஒருவர் விலகிவிடலாம். அவரைப் பிடித்துவைக்க அடுத்தடுத்து புதுத்தொடர் வேண்டும். சூப்பர்ஹீரோ மட்டுமே விற்கும் இடத்தில் அது பெருஞ்செலவு. சேவையோ அமெரிக்காவுக்குள் மட்டும். வெளிநாடுகளில் 'டைட்டன்ஸ்' நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது.

'ஸ்வாம்ப் திங்' தொடர் விஷயம்தான் மனசு ஆறவில்லை. 13 எபிசோடை 10 ஆகக் குறைத்தார்கள். 2019 மே 31 அன்று முதல் எபிசோட் வந்தது. ஒரு வாரத்துக்குள் தொடரையே நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். 2020 மே மாதம் எச்பிஓ மேக்ஸ் வந்தது. ஆகஸ்டில் டிசி யுனிவர்ஸ் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார்கள். தொடர்கள் எச்பிஓ மேக்ஸுக்குக் குடிபெயர்ந்தன.

அந்தச் சந்தாவிலேயே காமிக்ஸும் படிக்கலாம். நிலைத்தது அந்தக் காமிக்ஸ்தான். ஆரம்பத்தில் சுமார் 2,500 இதழ்களைச் சுழற்சியில் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் அது 20,000-ஐத் தாண்டியது. சொந்தச் சரக்கு, படப்பிடிப்புச் செலவு கிடையாது. ஒரு நீண்ட தொடரைப் படிக்க ஆரம்பித்தவர் மாதக்கணக்கில் நகரமாட்டார். 2021 ஜனவரி 21 முதல் டிசி யுனிவர்ஸ் இன்ஃபினிட் என்ற பெயரில், காமிக்ஸ் மட்டும், அதே 7.99 டாலருக்கு. கடைக்கு வந்த இதழ் ஆறு மாதம் கழித்துத்தான் அதில் வரும். 2022-இல் அல்ட்ரா என்று ஒரு கூடுதல் சந்தா கொண்டுவந்து, அதைக் கட்டுபவர்களுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பை ஒரு மாதமாகக் குறைத்தார்கள்.

நீ 'டூம் பேட்ரோல்' முதல் சீசனை இன்னும் பார்க்கவில்லை என்றால் அதிலிருந்து தொடங்கு. 15 எபிசோட். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
செல்வம்