நாங்கூருடையான் தொட்ட குளம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து, காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. உனக்கென்று ஒரு ஊரைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

போன வாரம் மகன் லீவு போட்டு, ஃபூக்கெட்டிலிருந்து வடக்கே தக்குவாபாவுக்குக் காரில் கூட்டிப்போனான். தாய்லாந்தின் அந்தமான் கடலோரம், பங்ஙா மாகாணத்தில் இருக்கிற ஊர். முப்பது வருஷம் ரெவின்யூவில் இருந்தவன் நீ. முதலில் நிர்வாகத்தைத்தான் கேட்பாய். இங்கே மாகாணத்துக்கு சாங்வாட், அதற்குக் கீழே அம்ப்போ, பிறகு தம்போன், கடைசியில் மூபான் என்கிற கிராமம். அம்ப்போ நம் தாலுகா மாதிரி. தக்குவாபா அம்ப்போவில் எட்டு தம்போன். அம்ப்போ தலைவர் பாங்காக்கில் உள்துறை அமைச்சகம் அனுப்பும் அதிகாரி. ஆனால் கிராமத் தலைவரையும், தம்போனுக்குத் தலைவரான கம்னானையும் உள்ளூர்க்காரர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். 1892இல் உள்துறைக்கு வந்த இளவரசர் தம்ரோங் அடுக்கி வைத்த முறை, பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. நம் ஊரில் பரம்பரை மணியம், கர்ணம் எல்லாம் 1980இல் ஒரே நாளில் போனதை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அது நினைவுக்கு வந்தது.

தக்குவாபா ஒரு காலத்தில் தனி மாகாணமாகவே இருந்தது. 1930களின் தொடக்கத்தில், உலகமே பணமுடையில் கிடந்தபோது, செலவைக் குறைக்க அதைப் பங்ஙாவோடு சேர்த்து அம்ப்போவாக்கிவிட்டார்கள். பழைய கடைத்தெருவில் நடந்தபோது எனக்கு அது புரிந்தது. இரண்டு பக்கமும் வளைவு வைத்த சீன வீடுகள். ஒரு கதவின் கீழ்ப்பலகை கறையான் அரித்துப் பாதியாகியிருந்தது. மேலே பொன்னெழுத்தில் குடும்பப் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. எல்லாம் வெள்ளீயம் சம்பாதித்துக் கொடுத்த வீடுகள். தக்குவா என்றால் ஈயம். தென்சீனத்து ஹொக்கியன் மக்கள் வந்து ஆற்றோரமெல்லாம் மண்ணைத் தோண்டிக் கழுவி வெள்ளீயம் எடுத்தார்கள். கழுவிவிட்ட மணல் அத்தனையும் ஆற்றிலேயே சேர்ந்தது. ஆறு தூர்ந்து படகு வர முடியாமல், ஊரே யான்யாவ் என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அப்புறம் 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை விழுந்ததும் சுரங்கங்களும் ஓய்ந்தன. ஊரை வளர்த்த தொழிலே ஆற்றையும் அடைத்ததை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இனி உனக்கான சேதி. ஆற்றில் மேலே போனால் ஒரு சின்னக் குன்று, பெயர் காவ் பிரா நாராய், நாராயணன் மலை. இன்றைய எல்லைப்படி பக்கத்து கபோங் அம்ப்போவில் வருகிறது. அங்கே கிடைத்த ஒரு கல்லில் தமிழ் எழுத்து! ஒன்பதாம் நூற்றாண்டு. பாதி தேய்ந்துபோனாலும் அறிஞர்கள் படித்துவிட்டார்கள்: நாங்கூருடையான், அதாவது நம் நாங்கூர்க்காரன் ஒருவன் தொட்ட (தோண்டிய) குளம், அதன் பெயர் ஸ்ரீ அவனிநாரணம், அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம். அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டம். மணிக்கிராமத்தார் வணிகக் குழு, சேனாமுகத்தார் படைக்குழு. கடல் தாண்டி வந்து, காட்டுக்கு நடுவில் ஒரு குளத்தை வெட்டி, அதற்குத் தங்கள் அரசன் பெயரை வைத்து, பாதுகாப்பையும் ஒப்படைத்திருக்கிறார்கள். 'அடைக்கலம்' என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தக் குன்றடியில் மரத்தின் வேர்களுக்குள் சிக்கிக் கிடந்த சிலைகள் இப்போது ஃபூக்கெட்டின் தலாங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விஷ்ணுவின் முன்னால் வெகுநேரம் நின்றேன். மகன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான்.

இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்பதற்கு வரைபடமே பதில். இங்கே தீபகற்பம் ஒடுங்கியிருக்கிறது. ஆற்று வழியே உள்ளே போய் மலையைக் கடந்தால் கிழக்கே சூரத்தானிப் பக்கம் கடல் வந்துவிடும். இன்றைக்கு 401ஆம் எண் சாலை போகிற திசையும் அதுதான். மலாக்கா நீரிணையைச் சுற்றாமல் சீனச் சரக்கு கைக்கு வரும். முகத்துவாரத்துக்கு எதிரே கோகோகாவ் தீவில் தாங் அரச வம்சக் காலத்துச் சீனப் பீங்கானும், மேற்காசியக் கண்ணாடியும், மணிகளும் தோண்டத் தோண்டக் கிடைத்திருக்கின்றன. ராஜேந்திர சோழன் வென்ற ஊர்களைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் வருகிற தலைத்தக்கோலம் இந்த ஊர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி.

திரும்பும்போது பான் நாம்கெம் என்ற மீனவர் ஊரில் இறங்கினோம். பெயருக்கு உப்புநீர் ஊர் என்று அர்த்தம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இங்கேயும் அதே காலைதான், சேகர். தாய்லாந்தில் இறந்த சுமார் 5,400 பேரில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் இந்த ஒரு மாகாணத்தில். கடற்கரையில் அலைபோல வளைந்த ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. எதிர்ச்சுவரின் ஓடுகளில் பெயர்களும் படங்களும். ஒரு ஓட்டின் மேல் யாரோ பிளாஸ்டிக் கார் பொம்மை ஒன்றை வைத்திருந்தார்கள், சிவப்பு நிறம், வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. நாகப்பட்டினத்தில் நிவாரண முகாமில் நீ இரவும் பகலும் நின்ற அந்த வாரம் கண்முன் வந்தது. அப்போது நீ போனில் பேசாமல் அழுததை நான் மறக்கவில்லை. கொஞ்சம் தள்ளி காவ்லாக்கில், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே அலை தூக்கிவந்து போட்ட போலீஸ் படகு 813ஐ அங்கேயே நினைவாக வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு உதவி செய். நாங்கூர் உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அந்தக் கிராமத்து நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டில் குளம், குட்டை எல்லாம் பெயரோடு இருக்குமே. அவனிநாரணம் என்றோ, அது திரிந்த மாதிரியோ ஏதாவது பெயர் கண்ணில் படுகிறதா பார். தை அமாவாசைக்கு முன்னாலேயே ஊர் வந்துவிடுவேன். நாங்கூரில் பதினொரு பெருமாள் கருடன் மேல் வரும் பதினொரு கருட சேவைக்குச் சேர்ந்தே போவோம்.

வீட்டில் தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
மணி