‘வரவில்லை’ என்று உள்ளபடி எழுதியவர்களுக்கு நன்றி

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

2022இல் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் காலம் முடிகிறது. 2024 ஆகஸ்டில் புதுக் குழு வருகிறது. தலைவர் பொறுப்பை ஒப்படைக்குமுன் சிலருக்கு ஊரறிய நன்றி சொல்ல ஆசைப்படுகிறேன். யார் என்ன செய்தார்கள் என்று விவரமாகச் சொன்னால், அடுத்து வருகிறவர்களுக்கும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும். பெயர்களை எழுதவில்லை. பிள்ளைகளின் குடும்பம் இன்னது என்று வெளியே தெரியக் கூடாது. உதவி செய்தவர்களுக்குத் தங்களைத்தான் சொல்கிறேன் என்று புரியும்.

முதல் நன்றி தலைமையாசிரியருக்கும் வகுப்பு ஆசிரியர்களுக்கும். வராத பிள்ளையை வரவில்லை என்றே பதிந்தார்கள். இதற்கெல்லாமா நன்றி என்று தோன்றலாம். காலையில் ஆசிரியர் செல்போன் செயலியில் வருகை போட்டதும் அது வட்டார அலுவலகத்துக்கும் மாவட்டத்துக்கும் சென்னைக்கும் தெரிந்துவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் கேள்வி வரும். பிள்ளைகளின் கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தையும் முடிவு செய்கிறார்கள். அதனால், ஊரைவிட்டுப் போன பிள்ளைக்கும் ‘வந்திருக்கிறது’ என்று போட்டுவிடலாமே என்ற எண்ணம் எந்தப் பள்ளிக்கும் வரக்கூடியதுதான். அப்படிப் போட்டுவிட்டால் கணக்கில் அந்தப் பிள்ளை படித்துக்கொண்டே இருக்கும், யாரும் தேடிப் போக மாட்டார்கள். எங்கள் பள்ளியில் அது நடக்கவில்லை. உள்ளபடி எழுதினார்கள், அதற்கான கேள்விகளையும் தாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் மற்ற உதவிகள் எல்லாம் வந்தன.

செஞ்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொங்கல் முடிந்ததும் எங்கள் வகுப்புகளில் இடம் காலியாகத் தொடங்கும். இருளர் பழங்குடியினர் குடியிருப்பில், வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கும், கரும்பு வெட்டவும், சவுக்கு மரம் வெட்டிக் கரி போடவும் போய்விடும். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்பும். ‘அந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது’ என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அது பொய் என்று இந்தப் பொறுப்பில் இருந்து பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன். போகும்போது பிள்ளையின் புத்தகப் பையையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போன தாய்மார்களை எனக்குத் தெரியும். முன்பணத்தைக் கழிக்கிறவரை அவர்களால் திரும்ப முடியாது, அவ்வளவுதான்.

வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. எந்தக் குடும்பம் எந்தச் சூளையில் இருக்கிறது என்று மேஸ்திரியிடம் பேசிக் கண்டுபிடித்தது அவர்தான். அந்த வட்டாரத்து வள மையத்துக்குப் போன் செய்து, பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது அரசின் பள்ளிக் கணக்கில் உள்ள மாணவர் எண்ணைக் கொடுத்து, பக்கத்துப் பள்ளியில் சேர்க்கச் சொன்னார். கையில் டிசி (மாற்றுச் சான்றிதழ்) இல்லை என்று ஓரிடத்தில் திருப்பி அனுப்பியபோது அவர் விடவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. இதைச் சண்டை போடாமல் நிதானமாக எடுத்துச் சொன்னார், சேர்த்துக்கொண்டார்கள். பெற்றோர் குழுவில் இருந்த எங்களுக்கே அன்றுதான் இந்தச் சட்டம் எவ்வளவு கைகொடுக்கும் என்று தெரிந்தது.

எல்லாப் பிள்ளைகளையும் அப்படிச் சேர்க்க முடியவில்லை. சிலரை ஆயாவிடம் விட்டுப் போகச் சொன்னோம். சொல்வது சுலபம், ஆயாவுக்கே கஞ்சிக்கு வழி வேண்டுமே. இந்த இடத்தில்தான் காலை உணவு உதவியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் அது வந்தது. எங்கள் பள்ளியில் சமைக்கிற மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரிகளுக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் பிள்ளைகளும் இதே பள்ளியில் படிப்பதாலோ என்னவோ, ஒரு நாள்கூட ரவையில் கல் இருந்ததாகப் பேச்சு வரவில்லை. காலையில் பொங்கல், மதியம் முட்டையோடு சத்துணவு. இரண்டு வேளைச் சாப்பாடு பள்ளியில் நிச்சயம் என்றதும் ஆயாக்கள் தைரியமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு மனக்குறை. ஐந்தாம் வகுப்போடு காலை உணவு நின்றுவிடுகிறது. தம்பி சாப்பிடுவதை ஏழாம் வகுப்பு அக்கா தூணோரம் நின்று பார்ப்பதைச் சகிக்க முடியவில்லை. எட்டாம் வகுப்பு வரை கொடுங்கள் என்று குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுச் செயலியில் ஏற்றியிருக்கிறோம். அரசு செவிசாய்க்கும் என்று நம்புகிறேன்.

பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் தன்னார்வலர் தங்கைக்கும் நன்றி. 2021 அக்டோபரில் நம் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகள் திறந்தபோது பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்திருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு நீ செய்த வேலை அதைப் போலப் பல மடங்கு. சாயங்காலம் குடியிருப்புக்கே போய், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் வாய்விட்டுப் படிக்க வைத்தாய்.

அங்கன்வாடி அக்காவை யாரும் பாராட்டிப் பார்த்ததில்லை. ஒரு பெண்பிள்ளை வாரத்தில் பாதி நாள் வராமல் இருந்தாள். விசாரித்தால் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்ததுமே ஆதார் வரட்டும், அது வரட்டும் என்று காத்திருக்காமல் மையத்தில் சேர்த்துக்கொண்டார் அக்கா. அடுத்த வாரமே அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுக்கு எந்தக் கவுன்சலிங்கும் தேவைப்படவில்லை, தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்தான் தேவைப்பட்டது.

அப்புறம் நடத்தை விஷயம். சூளையிலிருந்து திரும்பிய ஒரு இருளர் பையனை வயதுக்கேற்ற வகுப்பான ஏழாம் வகுப்பில் சேர்த்தார்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது, சிறப்புப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்கிறது. வந்த கொஞ்ச நாளில் அடிதடி. கூடப் படிக்கும் பையனுக்கு உதடு கிழிந்துவிட்டது. டிசி கொடுத்து அனுப்புங்கள் என்று பெற்றோர் பலர் வந்து நின்றார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது, அடிக்கவும் கூடாது என்று தலைமையாசிரியர் உறுதியாக நின்றார். அந்த வாரம், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. அந்தப் பையனை ‘எலி புடிக்கிறவன்’ என்று தினமும் கேலி செய்கிறார்கள், தண்ணீர் குடிக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தது. அவன் கை ஓங்கியது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால் நடந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சீட்டு எழுதிய பிள்ளைக்கு என் நன்றி. நீ யாரென்று தேட வேண்டாம் என்று முடிவு செய்தோம், தேடவும் இல்லை. தமிழாசிரியர் சார் இரண்டு பக்கப் பிள்ளைகளையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேசினார், பெற்றோரையும் அழைத்தார். கேலி செய்த பையன்களில் ஒருவனின் அப்பா கூட்டத்தில் எழுந்து, ‘எங்க வீட்ல பேசுறதத்தான் அவன் இங்க வந்து பேசியிருக்கான்’ என்று சொல்லி, அந்தப் பையனின் ஆயாவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அண்ணே, அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது. உங்களைப் பார்த்துத்தான் மற்ற இரண்டு வீட்டாரும் இறங்கி வந்தார்கள். பையன் இப்போது எட்டாம் வகுப்பு. கோபம் இன்னும் வருகிறது, ஆனால் வகுப்பைவிட்டு ஓடுவதில்லை. தமிழ் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறான்.

பள்ளியைப் பார்வையிட வந்த வட்டாரக் கல்வி அலுவலருக்கும் நன்றி. எண்ணிக்கை ஏன் குறைவு என்று ஆசிரியரை நிற்க வைத்துக் கேட்பார் என்று பயந்திருந்தோம். வராதவர்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் காரணம் என்ன, யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டார். குடியிருப்பிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்று வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு, போக்குவரத்து, வழித்துணை வசதிக்குப் பரிந்துரை எழுதினார். இப்போது சின்னப் பிள்ளைகள் ஆட்டோவில் வருகிறார்கள். கண்காணிப்பு என்றால் எனக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். நிறுத்தம் இல்லாத இடத்திலும் பெரிய பிள்ளைகளுக்காக டவுன் பஸ்ஸை நிறுத்திய ஓட்டுநர், நடத்துநர் அண்ணன்களையும் மறக்கவில்லை.

முடியாமல் போனதும் உண்டு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பள்ளியில் சேர அது தேவையில்லை, ஆனால் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் அது இல்லாமல் நடக்காது. ஒரு அலுவலகத்தில் எங்களை ‘அப்பாவுக்குச் சான்று இருக்கா, தாத்தாவுக்கு இருக்கா’ என்று கேட்டே அலைய விட்டார்கள். கல்லறைகூட இல்லாத தாத்தாவுக்குச் சான்றிதழை எங்கே தேடுவது? மனு எழுதிக் கொடுத்து, வேலை நாளை விட்டு எங்களோடு வந்த வழக்கறிஞர் தம்பிக்கு நன்றி. சிலருக்குக் கிடைத்துவிட்டது. எட்டாம் வகுப்பு முடித்த நான்கு பிள்ளைகளின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

புதுக் குழுவில் 24 பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அந்த நான்கு மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளும், சூளைக்குப் போன குடும்பங்களின் போன் நம்பர் எழுதிய நோட்டும் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கின்றன. பொங்கலுக்கு முன்பே அந்த நோட்டை எடுத்துப் பேசத் தொடங்குங்கள். கூட வர நான் தயார்.

அன்புடன்,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் (2022–2024)