ஆண்டறிக்கை 2024-25: உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவி நிதி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான நமது நிதியின் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்தக் காலத்தில் செயற்குழு ஆறு முறை கூடியது. ஏழாவது முறை போதிய ஆள் சேராமல் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

சென்ற பொதுக்குழுவில் இரண்டு விதிகளை மாற்றினோம். இரண்டுக்குமே எதிர்ப்பு இருந்ததால், நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, தொகை கொடுக்கும் நாள். இத்தனை ஆண்டுகளாகச் சுதந்திர தின விழா மேடையில், பொன்னாடைகளுக்கு நடுவே காசோலை கொடுத்து வந்தோம். ஆகஸ்ட் 15-இல் வாங்கும் பணம் ஜூன் மாதச் செலவுக்கு எப்படி உதவும் என்று நாமும் கேட்டதில்லை, பெற்றோரும் சொன்னதில்லை. காசோலையால் வந்த சங்கடம் வேறு. தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கத்து அம்மா ஒருவர், முந்தைய ஆண்டு கொடுத்த காசோலையைப் போட மூன்று முறை வங்கிக்கு நடந்திருக்கிறார். மகளின் பெயருக்கு முன்னால் நாம் போட்ட இனிஷியல் கணக்குப் புத்தகத்தில் பின்னால் இருந்தது. பிறகு, கணக்கு செயல்படாமல் கிடக்கிறது, ஆதாருடன் வா என்றார்கள். மூன்று நாள் உப்பளக் கூலி போயிற்று. அதற்குள் காசோலையின் மூன்று மாதக் கெடுவும் முடிந்தது. தவறு வங்கியுடையது மட்டுமல்ல. இனிஷியலைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

இந்த ஆண்டு மேடை இல்லை. மே மாதத்திலேயே கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, ஜூன் 10 பள்ளி திறப்பதற்கு முன், தேர்வான 26 பேரின் கணக்கிலும் 4,000 ரூபாய் வரவு வைத்தோம். இரண்டாம் தவணை 2,000 ரூபாய் அக்டோபரில். மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது. தை பிறக்கும் வரை வீட்டில் கூலி கிடையாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். பிள்ளையின் பஸ் செலவும் தேர்வுக் கட்டணமும் நிற்கும் இடம் அதுதான். விழா இல்லாததால் படம் எடுக்க முடியவில்லை, நன்கொடையாளர்களுக்கு எதைக் காட்டுவது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். கணக்கைக் காட்டலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இரண்டாவது, மதிப்பெண். பத்தாம் வகுப்பில் 75 விழுக்காடு என்ற பழைய விதியை எடுத்துவிட்டு, வீட்டுக்கே போய்ப் பார்த்து முடிவு செய்வது என்று வைத்தோம். திறமைக்கு மதிப்பு இல்லையா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். உப்பு நன்றாக விளைவது கோடையில். பள்ளிக்கு விடுமுறையும் கோடையில். மே மாதம் அப்பாவோடு உப்பு வாரப் போய், கையில் காசு பார்த்த பையன் ஜூனில் திரும்பி வருவானா என்பதுதான் எங்கள் கவலை. அவன் பெரும்பாலும் 52 விழுக்காடு வாங்கியவனாகவே இருக்கிறான்.

முள்ளக்காடு, வேப்பலோடை, தருவைகுளம் என்று மே மாதத்து ஞாயிறுகளில் 41 வீடுகளுக்குப் போனோம். பிற்பகலில்தான் போக முடியும். காலையில் வீட்டில் ஆள் இருக்காது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த ஒரு பெண் விண்ணப்பத்தைத் தானே நிரப்பியிருந்தாள். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ஒரே சொல்: அளம், அதாவது உப்பளம். தேவை என்ற இடத்தில் மேசை விளக்கு என்று எழுதியிருந்தாள். விசாரித்தோம். அம்மா அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார். அப்போது இவளும் எழுந்து படிக்க உட்காருவாள். ஒற்றை அறை, குண்டு பல்பைப் போட்டால் தம்பி எழுந்துவிடுகிறான். விளக்கை அடுத்த நாளே பொருளாளர் தம் கைக்காசில் வாங்கிக் கொடுத்துவிட்டார். அது கணக்கில் வராது, தணிக்கையாளர் தேட வேண்டாம்.

26 பேரில் 17 பேர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்கள். 9 பேர் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முதலாண்டு. அக்டோபர் தவணை 25 பேருக்குத்தான் போனது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆகஸ்டில் நின்றுவிட்டான். இரண்டு முறை போய்ப் பேசியும் பலன் இல்லை. அப்பாவின் முதுகு போய்விட்டது, கடனும் இருக்கிறது. நமது 2,000 ரூபாய் அங்கே பேச்சுக்கே எடுபடவில்லை.

அரசுத் திட்டங்கள் பெருகியிருப்பதால் நம் வேலையும் மாறுகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப் பெண் திட்டம் விரிவாக்கப்பட்டதை டிசம்பர் 30 அன்று நம் தூத்துக்குடியிலேயே முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேர்க்கைக் கட்டணம், படம் வரையும் டிராப்டர் கருவி, ஆய்வகக் கோட்டு, ஷூ எல்லாம் அதற்கு முன்பே கேட்கப்படும். அந்த இடைவெளிக்கு மட்டும் நாம் நின்றால் போதும்.

எட்டாம் வகுப்பினருக்கான தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு ஐந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல்கள் வாங்கிக் கொடுத்தோம். செலவு 2,600 ரூபாய். தேறியது ஒருவன். அவனுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு வரை வரும். நாம் தருவதைப் போல இரண்டு மடங்கு. ஐந்து பேரை ஐம்பது பேராக்கலாம் என்று தோன்றுகிறது. சனிக்கிழமை கணக்குச் சொல்லித்தர ஆள்தான் வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கம் இது: வைப்புநிதி வட்டி 42,000 ரூபாய், சந்தாவும் நன்கொடையும் 1,38,500, ஆக 1,80,500. உதவித்தொகை 1,54,000, நூல்கள் 2,600, அச்சு, அஞ்சல் 4,600. மீதி 19,300. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது வெளியூரிலிருந்து வந்த அளவுக்கு இந்த ஆண்டு நன்கொடை வரவில்லை, எதிர்பார்த்ததுதான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி பிரிவின் வருமான வரி விலக்கு இல்லை என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும்; பான் எண் தராத நான்கு பேருக்காக இம்முறை கடைசி நாள் இரவு வரை கணினி முன் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இன்று இந்த அவையில்தான் இருக்கிறார்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு: ஆண்டுச் சந்தாவை 500 ரூபாயிலிருந்து 600 ஆக்குவது, அவசரத் தேவைக்கு ஒரு பிள்ளைக்கு 1,000 ரூபாய் வரை செயற்குழுவைக் கூட்டாமலே வழங்கச் செயலாளருக்கும் பொருளாளருக்கும் சேர்த்து அதிகாரம் தருவது.

வீடு வீடாக வந்த ஆறு உறுப்பினர்களுக்கும், கட்டணம் வாங்காமல் கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், விண்ணப்பங்களை அனுப்பிவைத்த தலைமையாசிரியர்களுக்கும் நன்றி. அடுத்த சுற்றுக்கு இரண்டு இருசக்கர வாகனங்கள் குறைகின்றன. பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போகவும்.

இங்ஙனம்,
செயலாளர்